குறட்டை, ஸ்லீப் ஸ்டடி, சிபேப் மாஸ்க்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: அப்பாவுக்கு நாளை ராத்திரி ஸ்லீப் ஸ்டடி. எப்படித் தயாராகணும்?

ஸ்லீப் ஸ்டடி என்றால் தூங்கும்போது மூளை அலை, மூச்சு போன்றவற்றை இரவு முழுக்கப் பதியும் ஆய்வு. காலையிலேயே ஷாம்பூ போட்டுத் தலைக்குக் குளிக்கட்டும். அதற்குப் பிறகு ஒரு சொட்டு எண்ணெய்கூட வேண்டாம். மூளை அலையைப் பதியும் எலெக்ட்ரோடு எண்ணெய்ப் பிசுக்கில் நிற்காது. அது நடுராத்திரியில் கழன்றால், அதற்குப் பிறகு எந்தத் தூக்கநிலை என்று சொல்வதே சிரமம். தாடையிலும் ஒட்டுவார்கள், முள்ளுத்தாடி இருந்தால் மழித்துவிடுங்க. மதியத்துக்கு மேல் காபி, டீ, குட்டித்தூக்கம் மூன்றும் கூடாது. வழக்கமான மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீங்க, பட்டியல் மட்டும் கையில் இருக்கட்டும். இத்தனை வயரோடு தூக்கம் வருமா என்று எல்லாருமே பயப்படுவார்கள். வீட்டைவிடக் குறைவாகத் தூங்கினாலும் பெரும்பாலும் போதுமானது கிடைத்துவிடும்.

கேள்வி: வீட்டிலேயே செய்த டெஸ்டில் ஏஹெச்ஐ 10, "மைல்டு"ன்னுட்டாங்க சார். ஆனா பைக் ஓட்டும்போதே கண் சொக்குது.

அந்த 10-ஐ அப்படியே நம்பாதீங்க. மூச்சு குறைந்தபட்சம் 10 விநாடி நின்றதும் கணிசமாகக் குறைந்ததும் மணிக்கு எத்தனை தடவை என்பதுதான் ஏஹெச்ஐ. 5 முதல் 15-க்குள் லேசானது, 30-க்குள் நடுத்தரம், 30-ம் அதற்கு மேலும் கடுமை. வீட்டுக்குக் கொடுக்கும் கருவிகளில் பெரும்பாலானவை மூளை அலையைப் பார்ப்பதில்லை. நீங்க விழித்துக்கொண்டு கிடந்த நேரத்தையும் சேர்த்தே வகுக்கும். இப்படி 80 மூச்சுத் தடைகள், பதிவு 8 மணி நேரம் என்றால் 10. உண்மையில் தூங்கியது 5 மணி நேரம்தான் என்றால் அதே 80 தடைக்கு 16, அதாவது நடுத்தரம். ஆக்சிஜன் இறங்காமல் விழிப்பை மட்டும் தட்டிவிடும் தடைகளும் அதில் விட்டுப்போகும். பகலில் இப்படிச் சொக்கினால் லேபில் முழு இரவு ஆய்வு கேளுங்க. அதுவரை பைக் வேண்டாம்.

கேள்வி: சிபேப் போட ஆரம்பித்து ரெண்டு மாசம். காலையில் வாய் வறண்டு கிடக்கு, வயிறு உப்புது. நானே பிரஷரைக் குறைச்சுக்கலாமா?

வேண்டாம். சிபேப் என்பது தூங்கும்போது மூச்சுப்பாதை மூடாதபடி மாஸ்க் வழியே காற்றை அழுத்தி அனுப்பும் மெஷின். முதலில் அதில் லீக் (காற்றுக் கசிவு) எவ்வளவு என்று பாருங்க. ரெஸ்மெட் கம்பெனி மெஷின் என்றால் நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டக் கூடாது. பிரஷர்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று வருகிற பலருக்கும் சிக்கல் மாஸ்க்கில்தான் இருக்கும்.

மூக்கு மாஸ்க் போட்டு வாய் திறந்துகொண்டால் காற்று வாய்வழியே ஓடி நாக்கு காய்ந்துவிடும். மூக்கடைப்பு இருந்தால் அதைச் சரிசெய்யுங்க, காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரை ஒரு படி கூட்டுங்க; அப்படியும் நிற்காவிட்டால் வாயையும் மூடும் மாஸ்க். உட்கார்ந்தபடி மாட்டி, ஒழுகுகிறதே என்று பட்டையை இறுக்குவது பரவலான தப்பு. இறுக்க இறுக்க சிலிக்கான் மடங்கி இன்னும் ஒழுகும், மூக்குத்தண்டில் புண்ணும் வரும். படுத்து, மெஷினை ஓடவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி விடுங்க. மாஸ்க்கின் சிலிக்கான் மெத்தை காற்றில் விரிந்து தானாகப் படியும். பிறகு பட்டையைச் சரிசெய்யுங்க. அடர்ந்த மீசைக்காரர்களுக்கு மூக்குத்துளையில் பொருந்தும் பில்லோ வகை தோதாக இருக்கும். முக எண்ணெய் படிந்தால் சிலிக்கான் வழுக்கும், தினமும் மிதமான சோப்பில் கழுவுங்க.

உப்புசம் காற்றை விழுங்குவதால் வருவது. தலைமாட்டை உயர்த்திப் பாருங்க. குறையாவிட்டால் மெஷினின் டேட்டா கார்டோடு டாக்டரிடம் போங்க, பிரஷரை மாற்றுவது அவர் வேலை.

கேள்வி: மூணு வருஷமா தூக்கமே வரலை மேடம். எனக்கும் ஸ்டடி தேவையா?

குறட்டை, மூச்சுத்திணறல் இல்லையென்றால் பெரும்பாலும் தேவையில்லை. இரண்டு வாரம் தூக்க டைரி எழுதுங்க. 10 மணிக்குப் படுத்து 6:30-க்கு எழுந்து, தூங்குவது ஐந்தரை மணி நேரம்தான் என்று வைத்துக்கொள்வோம். இனி 12:30-க்குத்தான் படுக்கை, 6-க்கு எழுந்தே ஆகணும், ஞாயிற்றுக்கிழமையும். படுக்கும் நேரத்தில் 85 சதவீதம் தூக்கமாக ஒரு வாரம் நின்றால் 15 நிமிடம் கூட்டலாம். படுக்கை நேரம் மொத்தம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே மட்டும் இறங்காதீங்க. முதல் வாரம் பகலில் தள்ளாடும், வண்டி எடுக்காதீங்க. வலிப்பு, பைபோலார் உள்ளவர்கள் இதைத் தானாகச் செய்யக் கூடாது.

கேள்வி: ராத்திரி படுத்தாலே கால் குடைச்சல், நடந்தால்தான் அடங்குது.

ஹீமோகுளோபின் நன்றாக இருந்தாலும் ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்க. மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமும் அதற்குக் கீழும் என்றால் டாக்டர் இரும்புச்சத்து தொடங்குவார். அதை டீ, காபியோடு விழுங்காதீங்க. தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரைகள் சில இந்தக் குடைச்சலைக் கூட்டும்.

கேள்வி: ஆறு வயசுப் பையன் தினமும் குறட்டை. ரிப்போர்ட்டில் ஏஹெச்ஐ 4, நார்மல்தானே?

இல்லை. குழந்தைகளுக்கு 1-க்கு மேலே போனாலே கவனிக்கணும். டான்சிலையும் அடினாய்டையும் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்க.