கேள்வி பதில்: பம்ப் கம்பெனி ஆர் அண்ட் டி வேலை

கோவையில் சப்மெர்சிபிள் பம்ப் வடிவமைப்பில் சீனியர் மெக்கானிக்கல் இன்ஜினியர் நான், வீடு கொழிஞ்சாம்பாறை. வந்த கேள்விகளில் சில:

வாளையார் தம்பி: அண்ணா, சீனியர் ஆனால் நாள் முழுக்க டிசைன்தானா?

டிசைன் சாஃப்ட்வேரில் ஜூனியர் பசங்க என்னைவிட வேகம். எனக்கு டிராயிங் ரிவியூ, டெஸ்ட் பெட் (பம்பை ஓட்டிச் சோதிக்கும் மேடை), ஃபவுண்டரிக்காரரோடு வாக்குவாதம். அப்புறம் பர்ச்சேஸோடு சண்டை.

எருத்தேம்பதி விவசாயி: டெஸ்ட்டில் பாஸான மோட்டார் எங்கள் போர்வெல்லில் மட்டும் காயில் கருகுகிறதே, சார்?

டெஸ்ட் பெட்டில் 415 வோல்ட் சீராக வரும். தோட்டத்து லைனின் கடைசியில் 330 வருகிறது என்று வையுங்கள். இண்டக்‌ஷன் மோட்டாரின் டார்க் (சுழற்றும் திறன்), வோல்டேஜின் வர்க்கத்தோடு போவது: வோல்டேஜ் 80 சதவீதம் என்றால் டார்க் 64 தான். பம்பின் சுமை அப்படிக் குறையாது. மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்துச் சமாளிக்கும், காயில் சூடேறும்.

நல்ல மழை பெய்த வருஷத்திலும் எரியும்! நீர்மட்டம் ஏறினால் ஹெட் (தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம்) குறையும், டிஸ்சார்ஜ் (வெளிவரும் தண்ணீர்) கூடும். ரேடியல் இம்பெல்லர் (தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளும் சுழல் சக்கரம்) அப்போதுதான் அதிக பவர் கேட்கும். எனவே ஹெட் ரேஞ்ச் முழுக்க ஓவர்லோடு ஆகாத இம்பெல்லர் வேண்டும். மோட்டாரில் ஸ்டாம்பிங்கும் (இரும்புத் தகடு) காப்பரும் கொஞ்சம் தாராளமாக வேண்டும். பர்ச்சேஸ் சண்டை இங்கேதான் ஆரம்பம். நீங்கள் செய்ய வேண்டியது: ஓவர்லோடு ரிலேயை (கரண்ட் கூடினால் மோட்டாரை நிறுத்துவது) நேம்பிளேட் ஆம்பியருக்கு வையுங்கள், ட்ரிப் ஆகிறதே என்று திருகி ஏற்றாதீர்கள்.

கஞ்சிக்கோடு, குவாலிட்டியில் இருப்பவர்: 10 ஸ்டேஜ் பம்ப், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பவுல் (ஸ்டேஜின் கூடு) ஒவ்வொன்றின் உயரத்துக்கும் டாலரன்ஸ் ±0.1 மி.மீ. மொத்தம் ±1 என்றே எடுக்கணுமா?

மோசமான நிலை அதுதான். வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் ±0.32 வரும், கண்ணுக்கு அழகாகவும் இருக்கும். ஆனால் பவுல்களின் பிழை இரு பக்கமும் சிதறி விழுந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். பத்தும் ஒரே தேய்ந்த டூலில் வந்தால் எல்லாம் ஒரே பக்கம் சாயும். லாட்டை அளந்து பார்க்காமல் 0.32-ஐ நம்ப மாட்டேன்.

பாலக்காடு சித்தூர் மாணவி: எம்.டெக் கட்டாயமா? மலையாளம் வேணுமா?

கட்டாயமில்லை. ஃப்ளோ சிமுலேஷன் பக்கம் போக ஆசையென்றால் படிக்கலாம். 2015-இல் தொடங்கிய ஐஐடி பாலக்காடு பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு முன் ரீவைண்டிங் கடையில் எரிந்த மோட்டார்கள் நாலைப் பிரித்துப் பாருங்கள். மலையாளமா? சித்தூரில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே, தங்கச்சி!