மெடிக்கல் ஷாப் டியூபும் வேலூர் வெயிலும்: ஆண்களின் கேள்விகள்

அக்னி நட்சத்திரம் நெருங்கினால் நம் ஊரில் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இடுப்புக்குக் கீழேதான். பெயர் வேண்டாம் என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஊர் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை. தொடை இடுக்கில் வட்ட வட்டமாக அரிப்பு. மெடிக்கலில் கொடுத்த டியூப் போட்டால் நாலு நாளில் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது. இப்போது விதைப்பையும் எரிகிறது.

அரிப்பு படர்தாமரை போலத் தெரிகிறது. வியர்வையும் ஈரமும் இருந்தால் அந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆனால் உங்கள் கதையில் பூஞ்சையைவிட டியூப்தான் பெரிய வில்லன் என்று சந்தேகப்படுகிறேன். அட்டையைப் படித்துப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும், பூஞ்சை அடியில் நிம்மதியாகப் பரவும். படர்தாமரை பொதுவாக விதைப்பைத் தோலுக்கு வருவதில்லை. மெல்லிய அந்தத் தோல் எரிகிறது என்றால் ஸ்டீராய்டு அதை இன்னும் மெலிய வைத்திருக்கலாம்.

டியூபை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். நிறுத்தியதும் முதலில் கொஞ்சம் அதிகமாகலாம், பயந்து திரும்பத் தடவ வேண்டாம். வாரக்கணக்கில் மருந்து போட வேண்டியிருக்கும். அரிப்பு போனதும் நீங்களாக விடக்கூடாது. வீட்டில் இன்னொருவருக்கு அரிப்பு இருந்தால் அவருக்கும் சேர்த்தே வைத்தியம் செய்ய வேண்டும். துண்டு தனியாக இருக்கட்டும். ஜட்டி தளர்வான பருத்தியாக இருக்கட்டும். குளித்ததும் இடுக்கை ஈரம் போகத் துடைத்துவிட்டு அப்புறம் போடுங்கள்.

இன்னொன்று. சிறுநீர் கழித்த பிறகு கை கழுவுவது எல்லோருக்கும் தெரியும். சுண்ணாம்பிலும் குரோமியத்திலும் கை வைக்கும் உங்கள் வேலையில் போவதற்கு முன்பும் கழுவ வேண்டும். பச்சை மிளகாய் நறுக்கியவர்களுக்கும் இது பொருந்தும்; பட்டவர்களுக்குத் தெரியும்.

காட்பாடி, கல்லூரி விடுதி மாணவன். முன்தோலுக்கு அடியில் வெள்ளையாகப் படிகிறது, நாற்றமும் வருகிறது. டெட்டால் போட்டுக் கழுவலாமா?

வேண்டாம். அது உதிர்ந்த தோலும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்த படிவு, நோய் அல்ல. குளிக்கும்போது முன்தோலை வலிக்காத அளவுக்குப் பின்னால் இழுத்து, வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்தால் போதும். ஒரு செம்புத் தண்ணீரில் வேலை முடிந்துவிடும். பாலாற்றுக் கரைக்காரர்களுக்கு இது நல்ல செய்திதான். கிருமிநாசினியும் வாசனை சோப்பும் எரிச்சலைத்தான் தரும்.

கழுவியதும் தோலைப் பழையபடி முன்னால் கொண்டுவர மறக்காதீர்கள். பின்னாலேயே மாட்டிக்கொண்டு ஆண்குறியின் நுனி மொட்டு வீங்கினால் அது அவசர நிலை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குடியாத்தம், வயது 47. முன்தோல் சிவந்து வெடிக்கிறது, வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. இந்த வருடத்தில் இது மூன்றாவது முறை. சுத்தமாகத்தான் இருக்கிறேன்.

நம்புகிறேன். முதலில் சர்க்கரை பாருங்கள், வெறும் வயிற்றிலும், மூன்று மாத சராசரியும். திரும்பத் திரும்ப வரும் இந்தப் பூஞ்சைப் புண்ணை வைத்தே பலருக்கு முதன்முதலில் சர்க்கரை நோய் தெரிய வருகிறது.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதன் பெயரைப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும், பூஞ்சைக்கு அது விருந்து. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துகள் என்பதால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனைவிக்கு அரிப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள். முன்பு பின்னால் போன தோல் இப்போது போகவில்லை என்றால் தழும்பு ஏறியிருக்கலாம். அதை அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஆரணி. என் மகனுக்கு மூன்று வயது. முன்தோல் பின்னால் போகவில்லை என்று மாமியார் தினமும் எண்ணெய் தடவித் தள்ளுகிறார். குழந்தை கத்துகிறான்.

இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், பழியை என் மேல் போடுங்கள். பிறக்கும்போது முன்தோல் மொட்டோடு ஒட்டித்தான் இருக்கும். மெல்ல மெல்லத் தானாகவே பிரியும். சில பையன்களுக்கு வாலிப வயது வரைகூட ஆகும். பலவந்தமாகத் தள்ளினால் கீறல் விழுந்து, ஆறும்போது தழும்பாகி, இல்லாத நோய் உண்மையிலேயே வந்துவிடும். வெளியே மட்டும் கழுவினால் போதும். சிறுநீர் போகும்போது அழுதாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நூலாகப் போனாலோ காட்டுங்கள்.

வேலூர். மொட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாகச் சிறு பருக்கள். பால்வினை நோயா?

ஒரே அளவில், வரிசையாக, வலியில்லாமல் இருந்தால் பெரும்பாலும் இயல்பானவைதான். புண், மரு, சீழ் என்றால் கதை வேறு. வலிக்காத புண்ணையும் அலட்சியம் செய்யாதீர்கள், சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் புண் பெரும்பாலும் வலிக்காது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போனால் காசு செலவில்லாமல் பார்க்கலாம்.

விரையில் வலியில்லாத ஒரு கட்டி. விட்டுவிடலாமா? வயது 28.

கூடாது. விரைப் புற்றுநோய் உங்கள் வயதில்தான் அதிகம், அதுவும் பெரும்பாலும் வலிக்காது. சீக்கிரம் கண்டால் குணமாகும். இந்த வாரமே ஸ்கேன் எடுங்கள்.

ஆம்பூர். என் தம்பிக்கு 15 வயது. ராத்திரி திடீரென்று ஒரு பக்க விரையில் பயங்கர வலி, வாந்தி. சூடு என்று விளக்கெண்ணெய் தடவினோம், விடியற்காலை அடங்கிவிட்டது.

சூடு என்று விடக்கூடிய வலி இல்லை இது. விரை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். அதிர்ஷ்டவசமாகத் தானே பிரிந்திருக்கலாம், ஆனால் திரும்ப முறுக்கலாம். வலி இல்லாவிட்டாலும் சிறுநீரகவியல் அறுவை மருத்துவரிடம் இப்போதே காட்டுங்கள். இனி வலி வந்தால் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம்தான் கையில் இருக்கிறது, அதற்குமேல் விரையைக் காப்பாற்றுவது கஷ்டம். விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்துக்கே நேராகப் போங்கள். வழியில் டீ, காபி எதுவும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தர வேண்டியிருக்கும்.