உர மானியத்தோடு வைக்கலுக்கும் காசு கேட்கலாமா?

கேள்வி: மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கத்துக் கமக்கார அமைப்பு நாங்கள். உர மானியத்தை எல்லோருக்கும் ஒரே கணக்கில் போடாமல், மண்ணையும் வாவியையும் காப்பவருக்குக் கூடக் கொடுக்கும்படி முன்மொழிவு எழுத விரும்புகிறோம். எப்படி எழுதலாம்?

பதில்: இருக்கும் காசில் கைவைக்காதீர்கள். 2024 பெரும்போகத்தில் ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய், அதாவது ஏக்கருக்குச் சுமார் 10,000. 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென நிறுத்தியதில் பட்ட சூடு இன்னும் ஆறவில்லை. அதில் வெட்டு என்றால் வட்டையில் (வயல்வெளித் தொகுதியில்) ஒருவரும் ஒப்பமாட்டார். மேலதிகமாகக் கேளுங்கள்.

"சுற்றாடலைப் பேணுபவர்" என்று எழுதினால் அதை எவராலும் அளக்க முடியாது. கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு வேலையைச் சொல்லுங்கள்: வைக்கலை எரிக்காமல் வயலில் மடக்கி உழுதல். ஒரு டன் வைக்கலில் 12 முதல் 17 கிலோ பொட்டாசியம் இருக்கிறது. 50 கிலோ எம்.ஓ.பி. (பொட்டாசிய உர) மூட்டையில் சுமார் 25 கிலோ. இரண்டு டன் வைக்கல் ஒரு மூட்டைக்குச் சமம். எரித்தால் தழைச்சத்து (நைதரசன்) கிட்டத்தட்ட முழுக்கப் புகையாகிவிடும்.

பிழை நேரும் இடம் இதுதான்: உழுத கையோடு விதைத்தால், வைக்கலை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். நாற்று மஞ்சளாகும், பயந்து யூரியாவை அள்ளிக் கொட்டுவார்கள், அது வடிந்து வாவிக்குப் போகும். விதைப்புக்கு 2–3 வாரம் முன்பே ஈரத்தில் மடக்க வேண்டும். அதற்கு ஏற்றபடி நீர் திறக்கும் திகதியைப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திலேயே கேட்டு வாங்குங்கள். வெட்டு மெஷின் வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகும் வைக்கலைப் பரப்பக் கூலி வேண்டும். கேட்கும் தொகை அந்தக் கூலிக்காவது ஈடாகட்டும்.

வட்டவிதானை (வட்டையின் நீர்ப் பங்கீட்டைக் கவனிப்பவர்) பார்வையிடுவது முதல் உழவுக்கு முன்னால் இருக்கட்டும். உழவு விழுந்தால் கருகிய தடமும் மறைந்துவிடும். இடக்குறிப்போடு போனில் ஒரு படம் போதும்.

காசு யாருக்கு? குத்தகைக் காணியில் வேலை செய்பவர் ஒருவர், இடாப்பில் பெயர் இன்னொருவர். "அந்தப் போகம் விதைத்தவருக்கே" என்று தெளிவாக எழுதாவிட்டால் தொகை போடியாரிடம் (காணிச் சொந்தக்காரரிடம்) போய் நிற்கும்.

இங்கிலாந்தில் நிலப்பரப்புக்குக் கொடுத்த மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, மண், நீர், வேலியோரச் செடிகளைப் பேணுவதற்குக் கொடுக்கும் முறைக்கு மாறினார்கள். ஒதுக்கிய பணம் தீர்ந்ததும், 2025 மார்ச்சில் புதிய விண்ணப்பங்களை எடுப்பதைச் சட்டென நிறுத்திவிட்டார்கள். எனவே எத்தனை ஏக்கருக்கு, எத்தனை போகத்துக்குக் காசு உறுதி என்பதை முன்மொழிவின் முதல் பக்கத்திலேயே கேளுங்கள். முதல் போகம் ஒரு வட்டையோடு நிற்கட்டும்.