புரதத்தைக் கண்ணாடியில் புதைக்கிறாளாம் மகள்!

கேள்வி (கொளத்தூரிலிருந்து ஓர் அம்மா): சார், என் மகள் தரமணிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. என்ன வேலை என்று கேட்டால், "சவ்வுப் புரதத்தைக் கண்ணாடிக்குள்ள புதைச்சு மருந்து தேடுறோம்மா" என்கிறாள். மேலே கேட்டால் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுகிறாள். நீங்களாவது சொல்லுங்கள்.

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. முப்பது வருடம் கல்லூரி ஆய்வகத்தில் நான் என்ன செய்தேன் என்று என் வீட்டிலும் இன்னும் யாருக்கும் தெரியாது.

முதலில் உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவைத் திறங்கள். பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் அல்லது அம்லோடிபின், வயிற்றெரிச்சலுக்குப் பான்டோபிரசோல், தும்மலுக்குச் செட்டிரிசின் இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு புரதத்தைத் தேடிப் போகிறது. ஆனால் அந்தப் புரதங்கள் எல்லாமே செல்லின் கொழுப்புச் சவ்வில் பதிந்து கிடப்பவை. அதில் ஒரு பெரிய குடும்பம், ஊசிநூல் கோத்த மாதிரி சவ்வை ஏழு முறை குறுக்கே கடந்திருக்கும். அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே குடும்பத்தைக் குறிவைப்பவை. டெல்மிசார்ட்டனும் செட்டிரிசினும் அந்த வகைதான்.

ஆகவே புது மருந்து தேடுகிறவர்கள் இந்தப் புரதத்தைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, ஆயிரம் பொருட்களில் எது இதில் ஒட்டுகிறது என்று பார்க்க ஆசைப்படுவார்கள். சிக்கல் அங்கேதான். கொழுப்பிலிருந்து பிரித்தால் அது தண்ணீரை விட்ட மீன். உருவம் குலைந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, திரிந்த பால் போல அடியில் தங்கிவிடும். சோப்பு வகைப் பொருட்களைப் போட்டுக் கரைத்து வைக்கலாம்; அதுவும் நெடுநாள் தாங்காது. அதனால் கொழுப்போடு சேர்த்தே, சின்னஞ்சிறு குமிழிகளில் பதித்து எடுப்பார்கள். அந்தக் குமிழிகளை ஓடவிடாமல் பிடித்து வைக்கத்தான் கண்ணாடி.

கண்ணாடி என்றதும் உலையை நினைக்க வேண்டாம். ரம்ஜான் மாதத்தில் திருவல்லிக்கேணியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா டம்ளர் டம்ளராகக் கடல்பாசி கொடுத்தனுப்புவார். உள்ளே மாம்பழத் துண்டு நிற்கும். டம்ளரைக் கவிழ்த்தாலும் நகராது. ஒருமுறை அதன் மேல் ரோஸ் சிரப்பை ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறந்துபோனேன். காலையில் பார்த்தால் சிவப்பு அடிவரை இறங்கியிருந்தது. மாம்பழம் வைத்த இடத்திலேயே இருந்தது. மாம்பழம்தான் உங்கள் மகளின் குமிழி, சிரப்தான் மருந்து. சிலிக்கான் கலந்த ஒரு திரவத்தைத் தண்ணீரோடு சேர்த்தால், அடுப்பில்லாமலே, அறை வெப்பத்தில் சிலிக்கா (கண்ணாடியின் மூலப்பொருள்) வலை பின்னி ஜெல்லாக உறைந்துவிடும். 100 நானோமீட்டர் அளவுக் குமிழி வெளியே வர வழியில்லை. மருந்து மூலக்கூறு மட்டும் போய் வரும்.

லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தினர் 1992இல் சாதாரணப் புரதங்களை இப்படி அடைத்து, அவை கண்ணாடிக்குள்ளும் வேலை செய்வதைக் காட்டினார்கள். அடுத்த வருடமே உப்பளத்தில் வாழும் ஒரு நுண்ணுயிரின் ஊதா நிறச் சவ்வுப் புரதத்தை அடைத்தார்கள். வெளிச்சம் பட்டால் நிறம் மாறித் திரும்பும் புரதம் அது. கண்ணாடிக்குள்ளும் அப்படியே மாறித் திரும்பியது.

அதைப் படித்துவிட்டு நானும் இறங்கினேன். முதல் நாள் பிப்பெட்டுக்குள்ளேயே உறைந்துபோயிற்று. அப்புறம் ஒருவழியாகக் குழாயில் ஊற்றி, மூடாமல் வைத்துவிட்டு, சனி ஞாயிறு வீட்டுக்கு வந்துவிட்டேன். திங்கள்கிழமை பார்த்தால் ஜெல் பாதியாகச் சுருங்கி, மொட்டைமாடியில் காய்ந்த வடாம் போல நொறுங்கிக் கிடந்தது. இரண்டு மாதம் சேர்த்த புரதம்! நொறுங்காமல் மிஞ்சிய துண்டிலும் புரதம் செத்திருந்தது. நான் பயன்படுத்திய திரவம் உறையும்போது மெத்தனாலைக் கக்கும். கள்ளச்சாராயத்தில் ஆளைக் கொல்கிறதே, அதே மெத்தனால்தான். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜான் பிரென்னன் குழுவினர் பிற்பாடு இதற்கு வழி கண்டார்கள்: மெத்தனாலுக்குப் பதில் கிளிசரினைக் கக்கும் திரவம். உதடு வெடித்தால் தடவுகிறோமே, அதேதான், புரதத்துக்கும் இதமானது. நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் இடத்தில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிப் புரதத்தை அப்படி உயிர்ப்போடு அடைத்தார்கள். அந்தப் புரதம் ஏராளமாகக் கிடைப்பது மின்திருக்கையிடம். காசிமேட்டில் புட்டுக்கு வாங்கும் திருக்கை வேறு!

கேள்வி (மந்தைவெளி வாசகர்): கண்ணாடிக்குள் எந்த மருந்து ஒட்டியது என்று எப்படித் தெரியும்?

பதில்: மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெரு வழியாக உஸ்மான் ரோட்டுக்குப் போயிருக்கிறீர்களா? ஒன்றும் வாங்காதவர் முதலில் வெளியே வருவார். கடை கடையாக ஏறி இறங்குகிறவர் அரைமணி கழித்து வருவார். ஜெல்லை மெல்லிய குழாய்க்குள் உறைய வைத்து, பல பொருட்கள் கலந்த கரைசலை ஒரு முனையில் செலுத்துவார்கள். புரதத்தைச் சட்டை செய்யாத பொருள் முதலில் வெளிவரும். பிடித்துப் பிடித்துப் போவது தாமதமாக வரும். எது எப்போது வந்தது என்பதை, மூலக்கூறுகளை எடைபோடும் நிறைநிறமாலைமானி என்ற கருவி சொல்லிவிடும். கழுவிவிட்டு அதே குழாயை மறுபடி பயன்படுத்தலாம். இந்தப் புரதத்தை ஒரு மில்லிகிராம் சேர்ப்பதற்குள் உயிர் போகும் என்பதால் அது பெரிய மிச்சம்.

கேள்வி (மறுபடி கொளத்தூர் அம்மா, கடிதத்தின் கடைசி வரி): அப்போது சீக்கிரம் மருந்து வந்துவிடுமா?

பதில்: வராது. ஒட்டியது என்று மட்டும்தான் குழாய் சொல்லும். ஒட்டியது புரதத்தை முடுக்குகிறதா, முடக்குகிறதா என்று தெரிய உயிருள்ள செல்லுக்குத்தான் போக வேண்டும். அதற்குப் பிறகும் பல வருட வேலை இருக்கிறது.

இன்று ராத்திரி மகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "குமிழியில புரதம் தலைகீழா மாட்டிக்கிட்டு, ஒட்டுற பக்கம் உள்ளே போயிட்டா என்னடி பண்ணுவீங்க?" போனைக் கீழே வைத்துவிட்டு உங்களோடு உட்கார்ந்துவிடுவாள்.