வலிய அடக்கிக்கிட்டா பிரஷர் ஏறுமா?

கேள்வி: டாக்டர், எங்க அப்பாவுக்கு 64 வயசு, பத்து வருஷமா பிரஷர் மாத்திரை சாப்பிடறார், எப்பவும் 130/80 கிட்டதான் இருக்கும். போன வாரம் ஹெர்னியா ஆபரேஷன் ஆச்சு, மறுநாள் காலைல பார்த்தா 178/100. பயந்துட்டோம். ஆனா அங்க பிரஷருக்கு ஒண்ணும் குடுக்காம வலிக்கு ஊசி போட்டாங்க, ஒரு மணி நேரத்துல 142-க்கு வந்துடுச்சு. இப்ப வீட்டுல 150, 155 காட்டுது. கேட்டா வலியே இல்லம்மாங்கறார், ஆனா கட்டில்ல இருந்து எந்திரிக்கறப்ப பல்லைக் கடிக்கறார். பிரஷர் மாத்திரைய கூட்டணுமா?

பதில்: மாத்திரைய நீங்களா கூட்டாதீங்கம்மா, அதை முதல்ல சொல்லிடறேன். வலி குறைஞ்சதுமே பிரஷரும் இறங்குனத கண்ணால பார்த்துட்டீங்க. வெட்டுன இடத்துல இருந்து வலி மூளைக்கு எட்டுனதும் உடம்பு அதை ஆபத்துன்னுதான் எடுத்துக்கும், அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமா அடிக்கும், ரத்தக்குழாய் சுருங்கும், ரெண்டும் சேர்ந்தா அழுத்தம் ஏறத்தானே செய்யும். ஏற்கனவே பிரஷர் இருக்கறவங்களுக்கு குழாய் விறைப்பா இருக்கறதால அதே வலிக்கு இன்னும் எகிறும்.

அப்பா பொய் சொல்றார்னு நினைக்காதீங்க. அசையாம படுத்திருக்கறப்ப நிஜமாவே வலி தெரியாது, அதோட நாள்பட்ட பிரஷர் உள்ள சிலருக்கு வலி உணர்வே கொஞ்சம் மழுங்கி இருக்கும்னு ஆய்வுகள்ல பார்த்திருக்காங்க. அதனால வலிக்குதான்னு கேட்காம, ஒரு தடவை இருமச் சொல்லி, அப்ப 0-ல இருந்து 10-க்குள்ள எத்தனைன்னு கேளுங்க. ஆறு ஏழுன்னா போட்டிருக்கற வலி மருந்து பத்தலன்னு அர்த்தம், டாக்டருக்கு போன் பண்ணிடுங்க. இருமறப்ப தையல் மேல ஒரு சின்ன தலகாணிய அணைச்சுப் பிடிச்சுக்கட்டும், நல்லா தெரியும் வித்தியாசம். எழுதிக் குடுத்த மாத்திரைய நேரத்துக்கு போடணும், தாங்க முடியாம ஆனப்புறம் போட்டா வலி அடங்க ரொம்ப நேரம் பிடிக்கும்.

ஆனா மெடிக்கல் ஷாப்ல போய் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைய நீங்களா வாங்கிக் குடுத்துடாதீங்க, இதை நான் கெஞ்சியே கேட்டுக்கறேன். அது உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி பிரஷரையே ஏத்திவிடும், சில பிரஷர் மாத்திரைகளோட சேர்ந்தா கிட்னியையும் பாதிக்கும். தண்ணில கரைச்சுக் குடிக்கற பாராசிட்டமால்லயும் சோடியம் நிறைய இருக்கு, முழுங்கற மாத்திரையா கேளுங்க.

வலி தவிர இன்னும் ரெண்டு பாருங்க. ஆபரேஷன் அன்னிக்கு சில பிரஷர் மாத்திரைய நிறுத்தச் சொல்லுவாங்க, திரும்ப ஆரம்பிக்க மறந்துபோறது சகஜம், டிஸ்சார்ஜ் சீட்ட எடுத்து பழைய சீட்டோட வச்சு சரிபாருங்க. இன்னொண்ணு சிறுநீர். ஒருத்தர் இதே ஆபரேஷன் முடிஞ்சு 190-ல இருந்தார், வலி மருந்துக்கும் இறங்கல, பேசிட்டே இருக்கறப்ப அவர் கை மட்டும் அடிவயித்துக்கே போய்ட்டிருந்துச்சு, தொட்டுப் பார்த்தா கல்லு மாதிரி இருக்கு, டியூப் போட்டு சிறுநீர் எடுத்ததும் அரை மணி நேரத்துல பிரஷர் தானா இறங்குச்சு. வயசான ஆம்பளைங்களுக்கு ஹெர்னியா ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படி அடைச்சுக்கறது உண்டு, கூச்சத்துல சொல்ல மாட்டாங்க, நீங்கதான் கேட்கணும்.

பிரஷர் பார்க்கறப்ப, வலி மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு, சிறுநீர் போயிட்டு வந்து, சாய்ஞ்சு உட்கார்ந்து 5 நிமிஷம் பேசாம இருக்கட்டும், கை நெஞ்சு உயரத்துல இருக்கணும். அப்படிப் பார்த்தும் நாலஞ்சு நாளா 150-க்கு மேலயே நின்னா சீட்ட எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க, மாத்திரைய மாத்தறத அவங்க முடிவு பண்ணுவாங்க.

180/120-க்கு மேல காட்டுனா 5 நிமிஷம் கழிச்சு திரும்பப் பாருங்க, அப்பவும் அதே இருந்தா உடனே டாக்டர கூப்பிடுங்க. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சு குழறல், பார்வை மங்கல், ஒரு பக்கம் கை கால் பலமில்லாம போறதுன்னு எதுவும் சேர்ந்துச்சுன்னா திரும்பப் பார்த்துட்டு இருக்காம ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. இதுக்கு நேர் எதிரா, வலி கூடிட்டே போய் பிரஷர் மட்டும் இறங்குது, நாடி படபடன்னு ஓடுது, உடம்பு சில்லுன்னு வேர்க்குதுன்னா உள்ளுக்குள்ள ரத்தம் கசியலாம். அதுக்கும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க, அப்பவே கிளம்பிடுங்க.