தம்மாமில் ஒரு ஜீப்

அன்புள்ள ஐயா,

தீவிரவாதிகள் மேற்கை வெறுப்பதற்குக் காரணம் அங்குள்ள சுதந்திரம் என்கிறார்கள் சிலர். மேற்கத்தியப் படைகள் முஸ்லிம் நாடுகளுக்குள் நுழைந்ததுதான் காரணம் என்கிறார்கள் வேறு சிலர். படைகள் வெளியேறிவிட்டால் முஸ்லிம்களின் கோபம் தணிந்துவிடுமா? அல்லது எல்லாமே எண்ணெய்க்காகத்தானா?

கா., திண்டுக்கல்

அன்புள்ள கா.,

எண்ணெயை விடுங்கள், அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சுதந்திரத்தை வெறுக்கிறார்கள் என்பது மேடையில் கைதட்டு வாங்குகிற பேச்சு. ஆனால் ‘தீவிரவாதிகள்’ என்று தொடங்கி மூன்றாவது வாக்கியத்தில் ‘முஸ்லிம்களின் கோபம்’ என்று வந்து நிற்கிறீர்களே, அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பார்த்தீர்களா?

1990இல் நான் சவூதி அரேபியாவின் தம்மாமில் ஒரு கட்டுமான கம்பெனியின் ஸ்டோரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் 2 அன்று ஈராக் அதிபர் சதாமின் படை குவைத்துக்குள் நுழைந்தது. அடுத்து நாம்தான் என்று ஊரே நடுங்கியது. சவூதி மன்னர் ஃபஹத் அமெரிக்காவை அழைத்தார். போர் தொடங்குவதற்குள் சுமார் 5 லட்சம் அமெரிக்கச் சிப்பாய்கள் வளைகுடாவில் வந்து இறங்கிவிட்டார்கள். ஒருநாள் ஸ்டோர் வாசலில் ராணுவ ஜீப் ஒன்று நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண். சட்டைக்கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது பெண்கள் கார் ஓட்டக் கூடாத நாடு அது. எங்கள் ஃபோர்மேன், காலையில் எல்லோருக்கும் கஹ்வா என்கிற அரபுக் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிற பெரியவர், அந்தப் பக்கம் கண் போகாதபடி சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜீப் போனதும், “திருடனுக்குப் பயந்து பக்கத்து வீட்டுக்காரனைக் காவலுக்குக் கூப்பிட்டோம். நல்லவன்தான். எப்போது போவான்?” என்றார். ஜனவரியில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைக்குச் சைரன் அலறியபோது, “அமெரிக்காக்காரன் பார்த்துக்கொள்வான், பயப்படாதே” என்று என் தோளைத் தட்டியவரும் அவரேதான்.

அல்-கொய்தா தலைவர் பின்லேடனின் மனக்குறை வேறு ரகம். ஆப்கானிஸ்தானில் சோவியத்தோடு மோதிய ஆட்களை வைத்து நானே நாட்டைக் காக்கிறேன் என்று அரச குடும்பத்திடம் போனார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். மூத்த உலமாக்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், அந்நியப் படைக்கு அனுமதியும் சொல்லிவிட்டார்கள். மக்காவும் மதீனாவும் இருக்கிற மண்ணுக்குக் காவல் யார் என்பதுதான் சண்டை. 1996 அறிக்கையில் அவர் முன்னால் வைத்ததும் அதுதான். கூடவே பொருளாதாரத் தடையில் செத்த ஈராக்கியக் குழந்தைகளையும் பாலஸ்தீனத்தையும் சேர்த்துக்கொண்டார். அந்தத் துக்கம் பொய்யில்லை. எங்கள் ஃபோர்மேனுக்கும் அது உண்டு. பின்லேடன் கையில்தான் அது கடன் வாங்கிய துக்கம்.

கடன் என்று ஏன் சொல்கிறேன்? 1998 ஆகஸ்ட் 7. அமெரிக்கப் படையைச் சவூதிக்கு அனுப்ப உத்தரவான அதே தேதி, எட்டு வருஷம் கழித்து. தற்செயல் என்று நான் நம்பவில்லை. கென்யாவின் நைரோபியிலும் தான்சானியாவின் தார் எஸ் சலாமிலும் அமெரிக்கத் தூதரகங்களில் அல்-கொய்தா வைத்த குண்டு. நைரோபியில் லாரி வெடிப்பதற்குச் சற்று முன்னால் ஒரு கையெறி குண்டு வெடித்தது. என்ன சத்தம் என்று பக்கத்துக் கட்டடங்களில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். அப்புறம்தான் லாரி. கண்ணாடிச் சில்லுகள் பாய்ந்து எத்தனையோ பேருக்குக் கண் போயிற்று. இரண்டு ஊரிலுமாக 224 பேர் செத்தார்கள். அதில் அமெரிக்கர்கள் 12. முஸ்லிம்களும் இருந்தார்கள். நைரோபியில் ஜன்னலுக்கு வந்தவள் எந்த நாட்டுக்குப் படை அனுப்பினாள்? தேதியை அவ்வளவு கவனமாகப் பார்த்தவர்களுக்கு இது மட்டும் கணக்கில் வரவில்லை.

படை வெளியேறினால் என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? சவூதியிலிருந்து படையை விலக்கிக்கொள்வதாக 2003 ஏப்ரல் கடைசியில் அமெரிக்கா அறிவித்தது. இரண்டே வாரத்தில், மே 12 இரவு, சவூதித் தலைநகர் ரியாத்தில் வெளிநாட்டவர் வசித்த குடியிருப்புகளில் அல்-கொய்தாவின் குண்டு வெடித்தது. அதற்குள் ஈராக்குக்குள் புகுந்துவிட்டார்களே என்பீர்கள். புகுந்தார்கள், இல்லாத ஆயுதத்தைக் காரணம் சொல்லி. அயோக்கியத்தனம்தான். கடன் கேட்டு வருகிறவனுக்கு வீடு வீடாகத் துக்கத்தை விநியோகித்த வேலை அது.

படை கிளம்பும் செய்தியைப் படித்த அன்று ஃபோர்மேனிடம் பேச வேண்டும் போலிருந்தது. என்னிடம் இருந்தது ஸ்டோர் நம்பர்தான். அடித்துப் பார்த்தேன். வேறு யாரோ எடுத்தார், ஏதோ டயர் கடை.