அடி இலையா, தளிரா? வீட்டுக்குள் வளரும் பூச்செடிகளின் சத்துக் குறை: கேள்வி-பதில்

பீஸ் லில்லியில் அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகின்றன. மாதாமாதம் மண்புழு உரம் போடுகிறேன். இன்னும் எந்தச் சத்து குறைகிறது?

அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறையாக இருக்கலாம். தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் ஆகியவை போதாதபோது, செடி அவற்றை முதிர்ந்த இலையிலிருந்து உருவித் தளிருக்கு அனுப்பிவிடும். அதனால்தான் குறை கீழிருந்து தொடங்குகிறது. ஆனால் மாதாமாதம் உரம் விழும் தொட்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது வேரை.

தொட்டியைச் சாய்த்து, வேர்க்கட்டியோடு செடியை வெளியே எடுங்கள். வேர் வெளிர் நிறமாக, கெட்டியாக இருந்தால் நல்லது. பழுப்பாகி, விரலால் இழுத்ததும் தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அழுகல். அந்த வேரால் உரத்தை எடுக்க முடியாது. மேலும் போடப்போட அழுகல்தான் கூடும். கெட்ட வேரை வெட்டிவிட்டு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 2 பங்கு, பெர்லைட் (இலேசான வெள்ளைக் கல்துகள்) 1 பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு கலந்து நடுங்கள். புது இலை வரும்வரை வேறு உரம் வேண்டாம்.

வேர் நன்றாக இருந்தும் மஞ்சள் தொடர்ந்தால், கலவையில் மக்காத மரத்தூளோ காய்ந்த சருகோ இருக்கிறதா பாருங்கள். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கிற தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். இதற்குக் கடலைப் பிண்ணாக்கு 50 கிராமை 1 லிட்டர் நீரில் 3 நாள் ஊறவைத்து வடிகட்டி, பத்து மடங்கு நீர் சேர்த்து 15 நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம். ஊறும் பாத்திரம் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும், நாற்றம் தாங்காது. மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்து வரும் இலையின் நிறமே உங்களுக்குக் கணக்கு.

ஜன்னலோரச் செம்பருத்தியில் தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. துருப்பிடித்த ஆணி புதைத்தேன், முட்டை ஓடும் போட்டேன். பலனில்லை.

இரும்புச்சத்துக் குறையின் அடையாளம் இது. இரும்பு இலைக்கு இலை நகராது, அதனால் தளிரில்தான் முதலில் தெரியும். பெரும்பாலும் தொட்டியில் இரும்பு இல்லாமல் இல்லை, வேருக்கு எட்டும் வடிவில் இல்லை. கலவையின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7-ஐத் தாண்டிக் காரமானால் இரும்பு கரையாமல் அடைந்துவிடும். துருவும் அப்படிக் கரையாத இரும்புதான், ஆணியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. முட்டை ஓடு சுண்ணாம்பு என்பதால் பிஎச்சை இறக்காது, ஏற்றத்தான் பார்க்கும். அடுப்புச் சாம்பல் இன்னும் வேகமாக ஏற்றும். கடின நீரும் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக அதையேதான் செய்கிறது.

சோதித்துவிட்டு இறங்குங்கள். ஒரு பங்கு கலவையை இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, அரை மணி நேரம் கழித்துத் தெளிந்த நீரில் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். செம்பருத்திக்கு 6 முதல் 6.8 வரை சரி. அதற்கு மேல் என்றால் முட்டை ஓட்டையும் சாம்பலையும் நிறுத்தி, மழைநீருக்கோ ஆர்.ஓ. நீருக்கோ மாறுங்கள். ஒரு லிட்டர் கலவைக்கு 1 கிராம் கந்தகத்தூள் கலக்கலாம்; பாக்டீரியா அதை அமிலமாக்கச் சில வாரங்கள் ஆகும், பொறுமை வேண்டும். அதுவரை 1 லிட்டர் நீரில் 1 கிராம் இரும்பு சல்பேட் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள். அளவு கூடினால் இலை கருகும். தரையில் சொட்டினால் துருக்கறை போகாது, பழைய துணி விரித்துக்கொள்ளுங்கள்.

இதே கோலம் தளிரில் இல்லாமல் அடி இலையில் இருந்தால் அது மெக்னீசியக் குறை. அரைத் தேக்கரண்டி எப்சம் உப்பை (மெக்னீசியம் சல்பேட்) 1 லிட்டர் நீரில் கரைத்து மாதம் ஒருமுறை ஊற்றினால் போதும்.

ஆப்பிரிக்கன் வயலெட் தளதளவென இருக்கிறது, பூ மட்டும் இல்லை. வாழைப்பழத் தோல் ஊறிய நீர் ஊற்றுகிறேன்.

நிறுத்திவிடுங்கள். அதில் இறங்குவது கொஞ்சம் சாம்பல்சத்தும் சர்க்கரையும்தான். ஈரக் கலவையில் அது பூஞ்சைக் கொசுவுக்கு விருந்து. இலை செழித்துப் பூ வராத செடிக்கு உரத்தைவிட வெளிச்சமே குறைவாக இருக்கும். இலைக்காம்பு நீண்டு வெளிச்சத்தை நோக்கி நிமிர்ந்திருந்தால் சந்தேகமே இல்லை. எல்இடி விளக்கை 25-30 செ.மீ. உயரத்தில் வைத்து, நாளுக்கு 12 மணி நேரம் எரியவிடுங்கள். இரவில் 8 மணி நேர இருட்டும் கட்டாயம். தழைச்சத்து மிகுந்த பிண்ணாக்கு நீரையும் நிறுத்திவையுங்கள்.

ஆந்தூரியத்தில் இலை நுனி மட்டும் பழுப்பாகக் காய்கிறது.

குறையைவிட உப்புத் தேக்கத்துக்கே வாய்ப்பு அதிகம். இயற்கை உரத்திலும் உப்பு உண்டு. தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு நீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டு, அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

வயலெட்டின் நடுக்குருத்து சுருங்கி, கெட்டியாகி, சாம்பல் நிறமாகிவிட்டது. சுண்ணாம்புச்சத்துக் குறையா?

சுண்ணாம்புச்சத்து போதாவிட்டால் குருத்து நுனி பழுப்பாகிச் செத்துவிடும். நெருக்கமாக, மயிரடர்ந்து, தொட்டால் ஒடியும் குருத்து என்றால் சைக்ளமென் சிலந்திப்பேன். வெறும் கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடியிலும் சிரமம். குருத்தின் மடிப்புக்குள் ஒளிந்திருப்பதால் வேப்பெண்ணெய்க் கரைசல் அதை எட்டுவது அரிது. பாதிப்பு முற்றிய செடியைப் பையில் கட்டி எறிந்துவிடுவதே நல்லது. பக்கத்துத் தொட்டிகளைத் தனியே வைத்துக் குருத்தைக் கவனியுங்கள். அவற்றைத் தொடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பேன் கைவழியாகவும் பரவும்.